சீரான ஆர்முடுகல் இயக்கக் கணக்குகள்: முதலில் வரைபு, பிறகு சமன்பாடு

க.பொ.த. உயர்தரப் பரீட்சையில் இணைந்த கணிதத்தின் இரண்டாம் வினாத்தாளில் 11ஆம் வினாவாகப் பெரும்பாலும் வேக-நேர வரைபு சார்ந்த கணக்கே வருகிறது. நன்றாகப் படிக்கும் மாணவர்கள்கூட அந்த வினாவில் புள்ளிகளை இழப்பதற்குக் காரணம் சமன்பாடு தெரியாமை அன்று. வினாவை வாசித்து முடிக்கும் முன்பே கையில் கிடைத்த சமன்பாட்டில் எண்களைப் பிரதியிடத் தொடங்கிவிடுவதே காரணம். ஒரு நேர்கோட்டில், மாறாத ஆர்முடுகலுடன் (வேகம் மாறும் வீதத்துடன்) இயங்கும் துணிக்கை ஒன்றைப் பற்றிய எந்தக் கணக்கையும் முதலில் வரைபாக வரைந்து பார்த்த பின்னரே சமன்பாட்டுக்குச் செல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. திருகோணமலையில் நாம் நாளும் காணும் வீதிகளையும் பாலத்தையும் மலையையும் கொண்டு அந்த வழியை இங்கு விளக்குகிறேன். சமன்பாடுகளை இங்கு சொற்களாலேயே எழுதுகிறேன். விடைத்தாளில் வழக்கமான குறியீடுகளையே பயன்படுத்துங்கள்.

இக்கணக்குகளில் வருபவை ஐந்து கணியங்கள்: ஆரம்ப வேகம், இறுதி வேகம், ஆர்முடுகல், நேரம், இடப்பெயர்ச்சி. நேரத்தைக் கிடை அச்சிலும் வேகத்தை நிலைக்குத்து அச்சிலும் கொண்டு வரைந்தால், ஆர்முடுகல் மாறாதிருக்கும் இயக்கம் ஒரு நேர்கோடாக அமையும். அக்கோட்டின் படித்திறன் (சரிவு) ஆர்முடுகல். கோட்டுக்கும் நேர அச்சுக்கும் இடையிலுள்ள பரப்பளவு இடப்பெயர்ச்சி. மனனம் செய்யும் எல்லாச் சமன்பாடுகளும் இந்த இரண்டு உண்மைகளிலிருந்தே பிறக்கின்றன. படித்திறனை எழுதினால்,

இறுதி வேகம் = ஆரம்ப வேகம் + ஆர்முடுகல் × நேரம்

என்பது கிடைக்கும். கோட்டின் கீழுள்ள உருவத்தைச் சரிவகமாகக் கொண்டு பரப்பளவை எழுதினால்,

இடப்பெயர்ச்சி = ½ × (ஆரம்ப வேகம் + இறுதி வேகம்) × நேரம்

என்பது கிடைக்கும். அதே உருவத்தை ஒரு செவ்வகமாகவும் அதன் மேல் நிற்கும் முக்கோணியாகவும் பிரித்தால்,

இடப்பெயர்ச்சி = ஆரம்ப வேகம் × நேரம் + ½ × ஆர்முடுகல் × நேரம்²

என்பதைப் பெறலாம். முதல் இரண்டிலிருந்தும் நேரத்தை நீக்கினால்,

இறுதி வேகம்² = ஆரம்ப வேகம்² + 2 × ஆர்முடுகல் × இடப்பெயர்ச்சி

என்பது வருகிறது. ஒவ்வொரு சமன்பாட்டிலும் நான்கு கணியங்கள் உள்ளன, ஒன்று இல்லை. ஆகவே மூன்று கணியங்கள் தெரிந்தால் மற்ற இரண்டையும் காணலாம். எதைப் பயன்படுத்துவது என்ற தயக்கத்துக்கும் இதுவே விடை: எந்தக் கணியம் தரப்படவும் இல்லை, கேட்கப்படவும் இல்லையோ, அக்கணியம் இடம்பெறாத சமன்பாட்டை எடுக்க வேண்டும்.

வரைபின் வழி பழமையானது. சீராக ஆர்முடுகும் பொருள் கடக்கும் தூரம், அது தன் ஆரம்ப, இறுதி வேகங்களின் சராசரியில் சீராகச் சென்றிருந்தால் கடந்திருக்கும் தூரத்துக்குச் சமம் என்பதை 14ஆம் நூற்றாண்டிலேயே ஒக்ஸ்போர்ட் மேர்ட்டன் கல்லூரி அறிஞர்கள் கண்டறிந்தனர். பிரான்ஸின் நிக்கோல் ஒரேம் அதை உருவத்தின் பரப்பளவு கொண்டு நிறுவினார். கலிலியோ விழும் பொருள்களின் இயக்கத்துக்கு அதைப் பொருத்தி 1638இல் வெளியிட்டார். சமன்பாடுகளைக் குறியீடுகளால் எழுதும் முறை இன்றைய வடிவை அடையும் முன்பே பரப்பளவு இவ்வாறு பயன்பட்டிருக்கிறது.

திசையை எழுதிவைத்தல்

நிலைக்குத்து இயக்கக் கணக்குகளில் பெரும்பாலான பிழைகள் குறியில் நிகழ்கின்றன. இடப்பெயர்ச்சி, வேகம், ஆர்முடுகல் ஆகிய மூன்றும் பருமனுடன் திசையும் கொண்ட காவிக் கணியங்கள் என்பதால், எந்தத் திசையை நேராக (+) கொள்கிறோம் என்பதை விடையின் முதல் வரியிலேயே அம்புக்குறியுடன் எழுதிவிட வேண்டும். எழுதியபின் கணக்கு முடியும் வரை அதை மாற்றக்கூடாது.

கோணேசர் ஆலயம் அமைந்துள்ள சுவாமி மலை கடலிலிருந்து செங்குத்தாக நூறு மீற்றருக்கு மேல் உயர்ந்து நிற்கிறது. அதில் கடல் மட்டத்துக்கு மேல் 105 மீற்றர் உயரத்திலுள்ள ஒரு புள்ளியிலிருந்து, செக்கனுக்கு 20 மீற்றர் வேகத்தில் ஒரு கல் நிலைக்குத்தாக மேல்நோக்கி எறியப்படுகிறது எனக் கொள்வோம். கல் எப்போது, என்ன வேகத்துடன் கடலை அடையும்? (மலையடியில் வள்ளங்கள் வந்துபோகும் என்பதால் இது தாளில் மட்டும் செய்யவேண்டிய பரிசோதனை.)

பலர் இதை இரு பகுதிகளாகப் பிரித்து, மேலே செல்லும் நேரத்தை ஒருமுறையும் கீழே விழும் நேரத்தை மறுமுறையும் காண்கிறார்கள். அது பிழையன்று, ஆயினும் தேவையில்லை. மேலே செல்லும்போதும், உச்சியிலும், கீழே வரும்போதும் ஆர்முடுகல் ஒன்றே. அது எப்போதும் கீழ்நோக்கியே இருக்கிறது. உச்சியில் வேகம் பூச்சியமாவதால் ஆர்முடுகலும் பூச்சியமாகிறது என்று நினைப்பது தவறு. வரைபில் கோடு நேர அச்சை வெட்டிக்கொண்டு அதே படித்திறனுடன் கீழே இறங்குவதைப் பார்த்தால் இது விளங்கும்.

மேல்நோக்கிய திசையை நேராகக் கொள்வோம். ஆரம்ப வேகம் +20, ஆர்முடுகல் −10, இடப்பெயர்ச்சி −105. நேரத்தை நே என்க.

−105 = 20நே − 5நே²
நே² − 4நே − 21 = 0
(நே − 7)(நே + 3) = 0

ஆகவே 7 செக்கனில் கல் கடலை அடையும். அப்போது வேகம் 20 − 70 = −50; அதாவது கீழ்நோக்கிச் செக்கனுக்கு 50 மீற்றர். சரிபார்ப்பதற்கு நான்காம் சமன்பாடு உதவும்: 400 + 2 × 10 × 105 = 2500, அதன் வர்க்கமூலம் 50. இரு பகுதிகளாகப் பார்த்தாலும், கல் 2 செக்கனில் 20 மீற்றர் மேலே சென்று, பின்னர் 125 மீற்றரை 5 செக்கனில் விழுந்து கடக்கிறது. மொத்தம் 7 செக்கன். கல்லின் இடப்பெயர்ச்சியின் பருமன் 105 மீற்றர், அது கடந்த தூரமோ 145 மீற்றர் என்பதையும் கவனியுங்கள். வினா எதைக் கேட்கிறது என்பதைப் பொறுத்து விடை மாறும்.

−3 என்ற மூலத்தை எவ்விளக்கமும் இன்றி வெட்டிவிடுவது நல்ல பழக்கமன்று. கடல் மட்டத்திலிருந்து செக்கனுக்கு 50 மீற்றர் வேகத்தில், 3 செக்கன் முன்னதாக மேல்நோக்கி எறியப்பட்ட ஒரு கல், நமது புள்ளியைக் கடக்கும்போது சரியாகச் செக்கனுக்கு 20 மீற்றர் வேகத்தைக் கொண்டிருக்கும். சமன்பாடு அந்த இயக்கத்தையும் சேர்த்தே சொல்கிறது. நம்முடைய கல் நேரம் பூச்சியத்திலேயே இயங்கத் தொடங்குகிறது என்பதால் அந்த மூலம் பொருந்தாது. ‘நேரம் ≥ 0 என்பதால் ஏற்கத்தக்கதன்று’ என்று ஒரு வரி எழுதுவது போதும்.

புவியீர்ப்பு ஆர்முடுகலுக்கு 10 எனக் கொள்ளச் சொன்னால் 10ஐயும், 9.8 எனச் சொன்னால் அதையுமே பயன்படுத்த வேண்டும். நாம் மத்திய கோட்டுக்கு அருகில் வாழ்வதால் திருகோணமலையில் அதன் உண்மையான பெறுமானம் ஏறத்தாழ 9.78, துருவங்களில் அது ஏறத்தாழ 9.83. வளித்தடை புறக்கணிக்கப்படும்போதே இந்தக் கணக்குகள் செல்லும்.

சமன்பாடு எங்கே நின்றுவிடுகிறது

பிரெடரிக் கோட்டை வாசலைக் கடந்து ஆலயத்துக்குச் செல்லும் வீதியில் புள்ளிமான்கள் உலவுவதை எல்லோரும் அறிவோம். மணித்தியாலத்துக்கு 36 கிலோமீற்றர் வேகத்தில் வரும் கார் ஒன்றின் சாரதி மானைக் கண்டு பிரேக் பிடிக்க, கார் 5 மீ/செக்² என்ற சீரான அமர்முடுகலை (வேகம் குறையும் வீதத்தை) பெறுகிறது. பிரேக் பிடித்ததிலிருந்து 3 செக்கனில் கார் செல்லும் தூரம் என்ன?

முதலில் அலகு: கிலோமீற்றர்/மணியை 5/18ஆல் பெருக்கினால் மீற்றர்/செக்கன் கிடைக்கும், 36 என்பது 10 ஆகும். மூன்றாம் சமன்பாட்டில் நேரடியாகப் பிரதியிட்டால் 30 − 22.5 = 7.5 மீற்றர் என்று வருகிறது. இது பிழை. கார் 2 செக்கனில் ஓய்வுக்கு வந்துவிடுகிறது. அதன் பின் அமர்முடுகல் இல்லை. சமன்பாடோ, மூன்றாவது செக்கனில் கார் 2.5 மீற்றர் பின்னோக்கி வந்ததாகக் கருதிவிடுகிறது. சரியான விடை, 2 செக்கனும் 10 மீற்றர்/செக்கனும் பக்கங்களாக அமைந்த முக்கோணியின் பரப்பளவு, அதாவது 10 மீற்றர். பிரேக் பிடிக்கும் எந்தக் கணக்கிலும் ஓய்வுக்கு வரும் நேரத்தை முதலில் காணுங்கள். அதே காரின் வேகம் இருமடங்காக, 20 ஆக, இருந்திருந்தால் நிற்பதற்குத் தேவையான தூரம் நான்கு மடங்காகி 40 மீற்றராகும் என்பது நான்காம் சமன்பாட்டிலிருந்து உடனே தெரிகிறது. வீதியில் செல்லும் எவரும் அறிந்திருக்க வேண்டிய முடிவு இது.

ஆர்முடுகல் மாறும் ஒவ்வொரு கணத்திலும் பழைய சமன்பாடு முடிந்து புதியது தொடங்குகிறது. முந்திய பகுதியின் இறுதி வேகம் அடுத்த பகுதியின் ஆரம்ப வேகமாகிறது. நிலாவெளி வீதியில் செல்லும் பஸ் ஒன்று ஒரு தரிப்பிடத்தில் ஓய்விலிருந்து புறப்பட்டு 0.5 மீ/செக்² உடன் ஆர்முடுகி, பின்னர் சீரான வேகத்தில் சென்று, இறுதியில் 1 மீ/செக்² உடன் அமர்முடுகி, 1200 மீற்றர் தொலைவிலுள்ள அடுத்த தரிப்பிடத்தில் நிற்கிறது. மொத்த நேரம் 135 செக்கன். பஸ்ஸின் உச்ச வேகம் என்ன?

மூன்று பகுதிகளுக்கும் தனித்தனிச் சமன்பாடு எழுதினால் பல தெரியாக் கணியங்கள் வந்து குவியும். வரைபோ ஒரே சரிவகம். உச்ச வேகத்தை வே என்க. ஏறும் கோட்டின் படித்திறன் 0.5 என்பதால் அதற்கான நேரம் 2வே. இறங்கும் கோட்டுக்கான நேரம் வே. ஆகவே சீரான வேகத்தில் சென்ற நேரம் 135 − 3வே. பரப்பளவை எழுதினால்,

½ × (135 + 135 − 3வே) × வே = 1200
வே² − 90வே + 800 = 0
(வே − 10)(வே − 80) = 0

இங்கு இரு மூலங்களும் நேர். 80ஐ ஏன் தள்ளுகிறோம்? ‘பஸ் அவ்வளவு வேகமாகப் போகாது’ என்பது கணிதக் காரணமன்று. வே = 80 எனில் ஆர்முடுகவும் அமர்முடுகவும் மட்டுமே 240 செக்கன் தேவை; மொத்த நேரமோ 135. எனவே வே 45ஐ விடக் குறைவாக இருக்க வேண்டும், உச்ச வேகம் செக்கனுக்கு 10 மீற்றர். நேரங்கள் முறையே 20, 105, 10 செக்கன், தூரங்கள் 100, 1050, 50 மீற்றர், கூட்டினால் 1200.

நேரத்தின் நடுவே உள்ள வேகம்

பாடசாலையில் போதிய அழுத்தம் கொடுக்கப்படாத ஒரு கருவி இது என்று நினைக்கிறேன். சீரான ஆர்முடுகலில், ஒரு நேர இடையின் சராசரி வேகம், அந்நேர இடையின் சரிநடுவில் உள்ள கணநிலை வேகத்துக்குச் சமம். நேர்கோட்டின் நடுப்புள்ளியின் உயரம் இரு அந்தங்களின் உயரங்களின் சராசரி என்பதே இதன் நிறுவல்.

திருகோணமலையிலிருந்து கல்லோயா நோக்கிப் புறப்பட்ட புகையிரதம் ஒன்று, சீரான ஆர்முடுகலுடன் செல்கையில், சம இடைவெளியில் நிற்கும் மூன்று கம்பங்களைக் கடக்கிறது. அடுத்தடுத்த கம்பங்களுக்கு இடைத்தூரம் 150 மீற்றர்; முதல் இடைவெளியை 15 செக்கனிலும் இரண்டாவதை 10 செக்கனிலும் அது கடக்கிறது. ஆர்முடுகலும், ஒவ்வொரு கம்பத்தையும் கடக்கும் வேகமும் என்ன?

வழக்கமான முறையில், முதற் கம்பத்திலிருந்து இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் மூன்றாம் சமன்பாட்டை எழுதி, ஒருங்கமை சமன்பாடுகளைத் தீர்க்க வேண்டும். மாறாக, முதல் இடைவெளியின் சராசரி வேகம் 10; அது முதற் கம்பத்தைக் கடந்து 7.5 செக்கன் ஆனபோது உள்ள வேகம். இரண்டாவதன் சராசரி 15. அது 20ஆவது செக்கனில் உள்ள வேகம். 12.5 செக்கனில் வேகம் 5 ஆல் கூடியிருப்பதால் ஆர்முடுகல் 0.4 மீ/செக்². முதற் கம்பத்தில் வேகம் 10 − 0.4 × 7.5 = 7; இரண்டாவதில் 7 + 6 = 13; மூன்றாவதில் 13 + 4 = 17.

இதில் மேலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரண்டாம் கம்பம் தூரத்தின் நடுவில் நிற்கிறது. அங்கு வேகம் 13. மொத்த 25 செக்கனின் நடுவிலோ வேகம் 300/25 = 12. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வது மிகப் பொதுவான தவறு. புகையிரதம் தூரத்தின் முதற் பாதியை மெதுவாகக் கடப்பதால் நேரத்தின் பெரும்பகுதி அங்கே கழிந்துவிடுகிறது. எனவே தூரத்தின் நடுவை அது அடையும்போது நேரத்தின் நடு ஏற்கெனவே கடந்துவிட்டது. தூரத்தின் நடுவிலுள்ள வேகத்தைக் காண இரு அந்த வேகங்களின் வர்க்கங்களைச் சராசரி எடுத்து வர்க்கமூலம் காண வேண்டும்: (49 + 289)/2 = 169, அதன் வர்க்கமூலம் 13.

இரு வாகனங்கள், ஒரு பாலம்

2009இல் திறக்கப்பட்ட கிண்ணியாப் பாலத்தின் நீளம் 396 மீற்றர். செக்கனுக்கு 8 மீற்றர் என்ற சீரான வேகத்தில் செல்லும் முச்சக்கர வண்டி ஒன்று பாலத்தின் ஓர் அந்தத்தைக் கடந்து 5 செக்கனின் பின்னர், அதே அந்தத்தில் ஓய்விலிருந்த மோட்டார் சைக்கிள் ஒன்று 1 மீ/செக்² ஆர்முடுகலுடன் அதே திசையில் புறப்படுகிறது. பாலம் முடியும் முன் அது முச்சக்கர வண்டியை எட்டுமா?

இரு இயக்கங்கள் உள்ள கணக்கில் ஒரே கடிகாரம் வேண்டும். மோட்டார் சைக்கிள் புறப்பட்ட கணத்திலிருந்து நேரத்தை நே என்று அளந்தால், முச்சக்கர வண்டி சென்ற நேரம் நே + 5. எட்டும் கணத்தில் இருவரின் இடப்பெயர்ச்சிகளும் சமம். வேகங்கள் சமமாக இருக்கத் தேவையில்லை.

½நே² = 8(நே + 5)
நே² − 16நே − 80 = 0
(நே − 20)(நே + 4) = 0

20 செக்கனில், 200 மீற்றர் தொலைவில், ஏறத்தாழப் பாலத்தின் நடுவில் எட்டிவிடும். வேகங்கள் சமமாகும் கணம் வேறொன்றைச் சொல்கிறது: அப்போதுதான் இருவருக்கும் இடையிலுள்ள தூரம் மிகக் கூடுதலாக இருக்கும். 8 செக்கனில் மோட்டார் சைக்கிளின் வேகமும் 8 ஆகிறது. அதுவரை பின்தங்கிக்கொண்டிருந்த அது, அதன் பின்னரே நெருங்கத் தொடங்குகிறது. அக்கணத்தில் தூரங்கள் 104உம் 32உம். இடைத்தூரம் 72 மீற்றர். ஒரே அச்சுகளில் இரு வரைபுகளையும் வரைந்தால், இரு கோடுகளும் வெட்டும் புள்ளி இந்த உச்ச இடைத்தூரத்தையே காட்டும். அவ்வெட்டுப் புள்ளியை எட்டும் இடம் என்று எழுதிவிடும் விடைகளைப் பலமுறை பார்க்க நேர்கிறது. எட்டும் இடத்தைப் பரப்பளவுகளின் சமத்துவமே தீர்மானிக்கிறது.

20 செக்கனில் மோட்டார் சைக்கிளின் வேகம் மணிக்கு 72 கிலோமீற்றர் ஆகிவிடுகிறது. பாலத்தின் மீது அது பொறுப்பான வேகமன்று. ஆகவே செக்கனுக்கு 12 மீற்றரை அடைந்ததும் அது சீராகச் செல்கிறது எனக் கணக்கை மாற்றுவோம். 12 செக்கனில் அது கடப்பது 72 மீற்றர்; அதற்குள் முச்சக்கர வண்டி 8 × 17 = 136 மீற்றர் சென்றிருக்கும்; இடைத்தூரம் 64. இப்போது இருவரும் சீரான வேகத்தில் செல்வதால், சார்பு வேகம் 4. அந்த 64 மீற்றரைக் குறைக்க 16 செக்கன். எட்டும் இடம் 8 × 33 = 264 மீற்றர், இன்னும் பாலத்தின் மீதே.

சீரான வேகம் 12க்குப் பதிலாக 10 எனக் கொண்டு இதே படிகளை நீங்களே செய்து பாருங்கள். 10 செக்கன் முடிவில் இடைத்தூரம் 70 மீற்றர், சார்பு வேகம் 2, மேலும் 35 செக்கன் தேவை; எட்டும் இடம் பாலத்தின் தொடக்கத்திலிருந்து 8 × 50 = 400 மீற்றர். பாலம் 396 மீற்றரில் முடிந்துவிடுவதால், பாலத்தின் மீது எட்டமுடியாது என்பதே இம்முறை விடை. பாலத்தைக் கடந்து 4 மீற்றர் சென்ற பிறகே இருவரும் சந்திக்கிறார்கள்.